அரிசி போய்ச் சேர்ந்ததா?

(அறக்கட்டளையின் பொதுக்கூட்டத்தில் ஓய்வுபெற்ற வேளாண் பொருளியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





போன மாதம் நடந்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒரு வாக்குவாதம் வந்தது. உங்களில் பலருக்குத் தெரியும். நோன்பு மாதத்தில் நாம் கொடுக்கிற அரிசி, மளிகைப் பையைப் பாதியாகக் குறைத்து, மிச்சப்படுகிற பணத்தைப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு மாதாமாதம் கொடுக்கலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். "பசிக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டுப் படிப்புக்குக் கொடுப்பதா?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். சத்தம் கொஞ்சம் கூடியது. என்னிடம் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. இதே கேள்வியை ஒரு நாடே எதிர்கொண்டு, ஒரு முடிவெடுத்து, அதன் நல்லது கெட்டதை அளந்து எழுதியும் வைத்திருக்கிறது. அதைச் சொல்ல நேரம் வேண்டும். அன்று எனக்குக் கொடுத்தது இரண்டு நிமிடம். இன்று செயலாளர் தம்பி தாராளமாக அரை மணி கொடுத்திருக்கிறார்.

அந்த நாடு பங்களாதேஷ். அங்கே போவதற்கு முன்னால் என் சொந்தக் கதை ஒன்று.

நான் மாணவனாக இருந்தபோது ஒரு கிராமத்துக்குக் கணக்கெடுக்கப் போனேன். கையில் நீண்ட கேள்வித்தாள். எத்தனை மா நிலம், எத்தனை மாடு, எத்தனை கடன், ரேஷனில் என்ன வாங்கினீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது வேலை. ஒரு விதவைத் தாய் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். மோர் கொடுத்தார். நான் எழுந்தபோது, "இதையெல்லாம் எழுதிக்கிட்டுப் போறியே தம்பி, போன பிறகு என்ன ஆகும்?" என்று கேட்டார். "அரசாங்கத்துக்குப் போகும்மா" என்றேன். அது பொய். அந்த அறிக்கை பைண்டு செய்யப்பட்டு நூலகத்தில் ஓர் அலமாரிக்குப் போனது. பல வருடம் கழித்து எடுத்துப் பார்த்தபோது, எடுத்தவர் கையெழுத்துப் போடும் தாளில் என் கையெழுத்துதான் முதல்.

அந்த அம்மாவின் கேள்விதான் இன்றைய பேச்சு. ஏழை நாடுகளில் விவசாயத்தையும் உணவையும் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்களே, கோடி கோடியாகச் செலவழிக்கிறார்களே, அதனால் ஏழை வீட்டுச் சட்டியில் என்ன விழுந்தது? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

விதை ஆராய்ச்சி என்றால் பதில் சுலபம். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966-ல் ஐ.ஆர். 8 கொடுத்தது. நம் ஆடுதுறை கொடுத்த ஏ.டி.டி. 27-ஐ இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எத்தனை ஏக்கரில் போட்டார்கள், மாவுக்கு எத்தனை மூட்டை கூடியது என்று களத்துமேட்டில் நின்றே எண்ணிவிடலாம்.

ஆனால் இன்னொரு வகை ஆராய்ச்சி இருக்கிறது. அது விதை கொடுக்காது, உரம் கொடுக்காது. ரேஷன் யாருக்குப் போகிறது, ஏற்றுமதிக்குத் தடை போட்டால் யார் நஷ்டப்படுகிறார்கள், பம்புசெட் இறக்குமதிக்கு வரியைக் குறைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கும். இதைக் கொள்கை ஆய்வு என்கிறோம். 1975-ல் வாஷிங்டனில் தொடங்கிய சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம் இதற்காகவே இருக்கிறது. இவர்கள் கொடுப்பது காகிதம். காகிதத்தைப் படித்தோ படிக்காமலோ ஓர் அமைச்சர் முடிவெடுக்கிறார். முடிவால் சிலருக்கு லாபம், சிலருக்கு நஷ்டம். இதில் காகிதத்தின் பங்கு எவ்வளவு என்று எந்தத் தராசில் நிறுப்பது?

இப்போது பங்களாதேஷ்.

1971-ல் சுதந்திரம் பெற்ற நாடு. மூன்றே வருடத்தில், 1974-ல், பஞ்சம். அரசாங்கக் கணக்கில் 26,000 பேர் இறந்தார்கள். உண்மையில் அதைப்போல் பல மடங்கு என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். லங்கர்கானா என்ற பெயரில் கஞ்சித் தொட்டிகளைத் திறந்தார்கள். நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 6,000 இடங்கள், 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையேந்தி நின்றார்கள். பின்னால் அமர்த்தியா சென் கணக்குப் பார்த்தபோது ஒரு விஷயம் வெளியே வந்தது. 1971 முதல் 1976 வரையிலான ஆண்டுகளில், தலைக்கு இவ்வளவு தானியம் என்று வகுத்துப் பார்த்தால், 1974-ல்தான் நாட்டில் அதிகத் தானியம் இருந்தது. தானியம் இருந்தது, வெள்ளத்தால் வேலை போன கூலிக்காரர் கையில் அதை வாங்கக் காசு இல்லை. விலையோ ஏறிக்கொண்டே போனது. அரசாங்க ரேஷனில் பெரும்பங்கு நகரத்துக்காரர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் போலீஸ், ராணுவத்துக்கும் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் காயம் ஆறவில்லை. அதனால் கிராமத்து ஏழைக்கும் ரேஷன் வேண்டும் என்பதில் அங்கே யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பழைய ஏற்பாட்டை மாற்றி 1989-ல் 'பல்லி ரேஷன்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். (வங்காள மொழியில் பல்லி என்றால் கிராமம். சிரிக்காதீர்கள் பிள்ளைகளே.) மானிய விலையில் தானியம், ஊரில் ஒரு டீலர், குடும்பத்துக்கு ஓர் அட்டை. நமக்கு விளக்கவே வேண்டாத ஏற்பாடு.

அதே சமயத்தில், நான் சொன்ன அந்த ஆய்வு நிறுவனத்தார் டாக்காவில் உணவு அமைச்சகத்தோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ரேஷன் உண்மையில் எங்கே போகிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். கசிவை அளக்கும் முறை மிக எளிமையானது. அரசாங்கக் கிடங்கிலிருந்து இத்தனை மூட்டை வெளியே போனது என்று புத்தகத்தில் இருக்கும். ஏழை வீட்டுக்குப் போய், "போன மாதம் ரேஷனில் எவ்வளவு வந்தது?" என்று கேட்டால் அதற்கும் ஒரு பதில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் இரண்டாவது எண்ணுக்காக யாராவது சேற்றில் நடந்து அந்த வீட்டுக்குப் போக வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்தால் கிடைப்பது முதல் எண் மட்டும்தான்.

பார்த்தார்கள். தானியத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் போய்ச் சேர வேண்டிய வீட்டுக்குச் சேரவில்லை. அந்தத் திட்டத்துக்கு அரசாங்கம் கொடுத்துவந்த மானியம் ஆண்டுக்கு 6 கோடி டாலர். 10 ரூபாய் தர்மம் என்று கொடுத்தால் 7 ரூபாய் வழியிலேயே போய்விடுகிறது.

1992-ல் அரசாங்கம் பல்லி ரேஷனைக் கைவிட்டது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஆய்வின் வெற்றிக் கதை என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்த மீதி 30 சதவீதம் நினைவுக்கு வருகிறது. அது யாரோ ஒரு ஏழையின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தானியம். திருடன் 7 மூட்டையை எடுத்தான் என்பதற்காக, 3 மூட்டையில் கஞ்சி குடித்தவருக்கும் கடையை மூடினார்கள். திருடனுக்கு வேறு வியாபாரம் கிடைத்திருக்கும். நம் கூட்டத்தில் பெரியவர்கள் கேட்டார்களே, பசிக்குக் கொடுப்பதை நிறுத்துவதா என்று, அந்தக் கேள்வியில் இருக்கிற நியாயம் இதுதான். ஒன்றை மூடச் சொல்கிற ஆய்வு, அதற்குப் பதிலாக என்ன, எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதி வேலைதான்.

நல்லவேளையாக டாக்காவில் அந்தப் பேச்சு நின்றுவிடவில்லை. 1993 ஜூலையில் 'கல்விக்கு உணவு' என்ற திட்டம் வந்தது. ஏழைக் குடும்பம் தன் பிள்ளையைத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பினால் மாதம் 15 கிலோ கோதுமை, அல்லது 12 கிலோ அரிசி. ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அனுப்பினால் 20 கிலோ கோதுமை. நிபந்தனை, பிள்ளை மாதத்தில் 85 சதவீத நாட்கள் வகுப்பில் இருக்க வேண்டும். யாருக்கு என்றும் எழுதி வைத்தார்கள்: அரை ஏக்கருக்கும் குறைவாக நிலம் உள்ளவர், தினக்கூலி, விதவையோ கணவன் கைவிட்ட பெண்ணோ தலைமையேற்று நடத்தும் குடும்பம், நெசவாளர், மீனவர், குயவர், கொல்லர் போன்ற கைத்தொழில்காரர்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் ஏழை வீட்டுக்கு இரண்டு செலவு. ஒன்று நோட்டு, புத்தகம், சட்டை. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை வீட்டில் இருந்தால் ஆடு மேய்க்கும், தம்பியைப் பார்த்துக்கொள்ளும், பீடி சுற்றும். நான் சொல்வது வங்காளத்துக்கு மட்டும் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 15 கிலோ.

2000-ம் ஆண்டு வாக்கில் சுமார் 21 லட்சம் பிள்ளைகள் இதில் வந்துவிட்டார்கள். அதே ஆண்டு பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. திட்டம் வந்த பள்ளிகளில், வருவதற்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால், சேர்க்கை 35 சதவீதம் கூடியிருந்தது. பெண் பிள்ளைகள் 44 சதவீதம், ஆண் பிள்ளைகள் 28 சதவீதம்.

இந்த எண்ணைக் கேட்டவுடன் மாஷா அல்லாஹ் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கணக்குப் பார்க்கிறவன் அவசரப்படக் கூடாது. திட்டமே இல்லாவிட்டாலும் பிள்ளைகள் கூடியிருப்பார்களோ? மக்கள் தொகை கூடுகிறது, ரோடு வருகிறது, படிப்பின் அருமை தெரிகிறது. ஆகவே திட்டம் வராத பள்ளிகளையும் பார்த்தார்கள். அங்கே கூடியது 2.5 சதவீதம்தான். இந்த இரண்டாவது எண் இல்லாமல் முதல் எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை. நாமும் ஆண்டறிக்கையில் 'நம் உதவியால் இத்தனை பிள்ளைகள் தேர்ச்சி' என்று போடுகிறோம். உதவி வாங்காத பிள்ளைகளில் எத்தனை பேர் தேர்ச்சி என்று என்றைக்காவது பார்த்தோமா? நானும் இந்தக் குழுவில் இருந்தவன்தான், என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

வருகையும் அப்படியே. திட்டம் உள்ள பள்ளியில் 70 சதவீதம், இல்லாத பள்ளியில் 58. நடுவில் நின்றுவிடும் பிள்ளைகள், தானியம் வாங்கியவர்களில் 6 சதவீதம், வாங்காதவர்களில் 15.

கெட்டதையும் அவர்களே எழுதினார்கள். பிள்ளைகள் வந்தார்கள், ஆனால் அறைகள் கூடவில்லை, ஆசிரியர்கள் கூடவில்லை. திட்டம் உள்ள பள்ளியில் ஒரு வகுப்பறையில் சராசரியாக 77 பிள்ளைகள், மற்றப் பள்ளியில் 62. தேர்வில் சராசரி மதிப்பெண் திட்டம் உள்ள பள்ளிகளில்தான் குறைவு. தொடக்கத்தில் பள்ளிக்கூடத்துக்காரர்களே தானியம் அளந்து கொடுத்தார்கள். தராசு பிடிக்கிற வாத்தியார் எப்போது பாடம் நடத்துவார்? 1999-ல் அந்த வேலையைத் தனியார் டீலர்களிடம் மாற்றினார்கள். டீலர் வந்தால் பழைய வியாதியும் கொஞ்சம் திரும்ப வரும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2002-ல் தானியத்தையே நிறுத்திவிட்டு, ஒரு பிள்ளைக்கு மாதம் 100 டாக்கா, ஒன்றுக்கு மேல் இருந்தால் 125 டாக்கா என்று பணமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இன்னொரு ஆய்வு என் மனதை விட்டுப் போகவில்லை. மார்ட்டின் ரவல்லியன், குவென்டின் வோடன் என்ற இருவர் உலக வங்கியில் இருந்து இதே திட்டத்தைப் பார்த்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி, பள்ளிக்கு வந்த பிள்ளை வேலையை விட்டதா என்பது. பள்ளி போவது எவ்வளவு கூடியதோ அந்த அளவுக்கு வேலை குறையவில்லை. ஆண் பிள்ளைகளில் சேர்க்கை கூடியதில் சுமார் கால் பங்கு அளவுக்குத்தான் வேலை குறைந்தது. பெண் பிள்ளைகளில் எட்டில் ஒரு பங்கு. அப்படியானால் மீதி நேரம் எங்கிருந்து வந்தது? விளையாட்டிலிருந்தும் ஓய்விலிருந்தும்தான் வந்திருக்க வேண்டும். காலையில் பள்ளி, மாலையில் அடுப்பும் தண்ணீர்க் குடமும். பெண் பிள்ளைகளுக்கு 44 சதவீதம் என்று சொன்னேனே, அந்த எண்ணோடு இதையும் சேர்த்து வையுங்கள். இரண்டும் உண்மை.

சரி, கடினமான கேள்விக்கு வருவோம். இதெல்லாம் நடந்ததற்கு அந்த ஆய்வுக் காகிதம்தான் காரணமா?

1990 டிசம்பரில் எர்ஷாதின் ராணுவ ஆட்சி முடிந்தது. 1991-ல் தேர்தல் நடந்து புதிய அரசாங்கம் வந்தது. பழைய ஆட்சி தொடங்கிய திட்டத்தை மூட எந்தப் புதிய ஆட்சிக்குத்தான் கை வராது? சிறிய டீசல் என்ஜின் இறக்குமதியைத் தளர்த்தியதால் குழாய்க்கிணற்றுப் பாசனம் பெருகி, மழையில்லாப் பருவத்து நெல்லான போரோ விளைச்சல் ஏறி, 1992 வாக்கில் அரிசி விலையே இறங்கியது. விலை இறங்கினால் ரேஷனை மூடுவது சுலபம். பணம் கொடுக்கும் வெளிநாட்டார் மானியத்தைக் குறை, குறை என்று காதில் ஓதிக்கொண்டிருந்தார்கள். இத்தனை கைகள் இழுத்த தேரை, 'நான்தான் இழுத்தேன்' என்று ஒருவர் சொல்ல முடியாது. மற்ற எல்லோரும் மூடு என்று பொதுவாகச் சொன்னபோது, ஆய்வுக்காரர்கள் கையில் 70 என்ற எண் இருந்தது. சபையில் எண் இல்லாத வாதத்தைப் புரட்டிப் போடலாம். எண்ணை அவ்வளவு சுலபமாகப் புரட்ட முடியாது. அவர்கள் பங்கு அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பங்கை எப்படி அளப்பது என்று அந்த நிறுவனமே 1990-களின் பிற்பகுதியில் கவலைப்பட ஆரம்பித்தது. பங்களாதேஷ் வேலையைப் பற்றி 2000-ல் சுரேஷ் பாபு ஒரு மதிப்பீடு எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு ஜேம்ஸ் ரயான் வியட்நாமைப் பற்றி எழுதினார். ரயான் ஆஸ்திரேலியாக்காரர். ஆனால் ஹைதராபாத் பக்கத்தில் உள்ள பட்டான்செருவில், இக்ரிசாட் நிறுவனத்தில் பல காலம் இருந்தவர். 1975-லிருந்து ஆய்வாளர்களைக் கிராமத்திலேயே குடியிருக்கச் செய்து, அதே வீடுகளின் வரவு செலவை வருடக்கணக்காக எழுத வைத்தார்களே, அந்த வேலையில் கை வைத்தவர்களில் ஒருவர்.

வியட்நாம் கதை சுருக்கமாக. அரிசி ஏற்றுமதிக்கு அளவுக் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். தெற்கே விளைந்த அரிசி வடக்கே போகவும் தடைகள். இவற்றை எடுத்தால் என்ன ஆகும் என்று ஆய்வு நடந்தது. அரிசி விலை ஏறும், விளைவிப்பவருக்கு லாபம், பட்டணத்து ஏழைக்குக் கஷ்டம், ஆனால் அங்கே ஏழைகளில் பெரும்பாலோர் கிராமத்தில் நெல் விளைவிப்பவர்கள் என்பதால் மொத்தத்தில் வறுமை கூடாது என்று சொன்னார்கள். 1997-ல் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. ரயான் போய், முடிவெடுத்தவர்களிடமே கேட்டார். அவர் கேட்ட விதம்தான் எனக்குப் பிடித்தது. "இந்த ஆய்வால்தான் முடிவெடுத்தீர்களா?" என்று கேட்டால் மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். அதனால், "இந்த ஆய்வு இல்லாவிட்டாலும் ஒருநாள் இந்த முடிவு வந்திருக்கும். ஆய்வால் அது எவ்வளவு காலம் முன்னால் வந்தது?" என்ற வழியில் கணக்குப் போட்டார். மாற்றம் முழுவதற்கும் உரிமை கொண்டாடவில்லை. முன்னால் வந்த காலத்தின் லாபம் மட்டும் ஆய்வின் கணக்கில். அப்படிச் சிக்கனமாகப் போட்டும் பல கோடி டாலர் வந்தது. ஆய்வுக்கான செலவைப்போல் பல மடங்கு.

இதில் ஒரு குறை உண்டு. தன் வேலையைத் தானே மதிப்பிடுகிறவர், வென்ற கதையைத்தான் தேர்ந்தெடுப்பார். அலமாரியில் தூங்குகிற அறிக்கைகளின் செலவை யார் கூட்டுவது? என் மாணவப் பருவத்து அறிக்கையையும் அதில் சேர்க்க வேண்டும். பத்து விதை போட்டு ஒன்று முளைத்தால், பத்து விதையின் விலையையும் அந்த ஒரு செடியின் மேல் வைத்துத்தான் லாபம் பார்க்க வேண்டும். அதைப் பெரும்பாலும் செய்வதில்லை.

மறுபக்கம், கணக்கில் வராத லாபமும் இருக்கிறது. 1998-ல் பங்களாதேஷில் மாதக்கணக்கில் வெள்ளம் நின்றது. நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீருக்கடியில். 20 லட்சம் டன்னுக்கு மேல் நெல் விளைச்சல் போனது. 1974-ஐ நினைத்து எல்லோரும் நடுங்கினார்கள். ஆனால் பஞ்சம் வரவில்லை. 1990-களின் முதல் பாதியில் தனியார் அரிசி இறக்குமதி செய்ய அனுமதித்திருந்தார்கள். இந்தியாவும் 1994-ல் சாதா அரிசி ஏற்றுமதியைத் தளர்த்தியிருந்தது. விலை ஏறத் தொடங்கியவுடன் நூற்றுக்கணக்கான சிறு வியாபாரிகள் எல்லை தாண்டி லாரியிலும் ரயிலிலும் அரிசி கொண்டுவந்தார்கள், 20 லட்சம் டன்னுக்கு மேல். அரசாங்கம் வரியைத் தடையில்லாமல் வைத்து, வழியில் குறுக்கே நிற்காமல் இருந்தது. அந்தக் கதவைத் திறந்துவைக்கலாம் என்று சொன்னவர்களில் ஆய்வுக்காரர்களும் உண்டு. வராத பஞ்சத்துக்கு யார் ரசீது கொடுப்பார்கள்?

வெள்ளம் வடிந்த பிறகு சுமார் 750 குடும்பங்களைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். அரிசி சந்தையில் இருந்தது. ஏழைகள் அதைக் கடன் வாங்கித்தான் வாங்கினார்கள். அரசாங்கம் கொடுத்த நிவாரணத்தைப்போல் பல மடங்கு கடன். உயிர் தப்பியது, கழுத்தில் கடன் ஏறியது. வீட்டுக்குள் போய்ப் பார்த்ததால்தான் இது தெரிந்தது. துறைமுகக் கணக்கையும் சந்தை விலையையும் மட்டும் பார்த்தால் எல்லாம் சுபம் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். நம் விஷயத்துக்கு வருகிறேன்.

மளிகைப் பையா, பள்ளி உதவியா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எங்களிடம் அதற்கான எண் இல்லை. நாம் கொடுத்த பை எந்த வீட்டுக்குப் போனது என்று நம் புத்தகத்தில் இருக்கிறது, அது முதல் எண். அந்த வீட்டில் அது எத்தனை நாள் வந்தது, அதே வீட்டுக்கு இன்னும் எத்தனை இடத்திலிருந்து பை வந்தது, நான்கு தெரு தள்ளி ஒரு பையும் வராத வீடு உண்டா, அந்த வீட்டில் எந்தப் பிள்ளை எந்த வகுப்போடு நின்றது, இவை நம்மிடம் இல்லை. சென்ற ஆண்டு நோன்பின்போது ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "மூணு பை வந்துச்சு மாமா, எல்லாத்திலயும் சேமியா. எனக்கு வேண்டியது மகளோட பஸ் பாஸுக்குக் காசு." அது ஒரு வீடு. ஒரு வீட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் யோசனை இது. அடுத்த நோன்புக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. பை வாங்குகிற வீடுகளில் 20, வாங்காத அதே நிலையிலுள்ள வீடுகளில் 20, சீட்டுக் குலுக்கி எடுப்போம். நமக்குத் தெரிந்த வீடு, வேண்டிய வீடு என்று பொறுக்கக் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் ஒருமுறை, ஐந்து மாதம் போக வேண்டும். சகோதரிகள் போனால்தான் அடுப்படி வரை பேச முடியும், ஆகவே குழுவில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்க வேண்டும். கேட்டதை வெளியே பேசக் கூடாது. பேர் எழுதாமல் எண் போட்டு எழுதுவோம். அதுவரை பையையும் குறைக்க வேண்டாம். எதையும் மூடுவதற்கு முன்னால் பார்த்துவிடுவோம்.

போகிற வீட்டில், "எழுதிக்கிட்டுப் போறீங்களே, என்ன ஆகும்?" என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். என்ன பதில் சொல்லலாம் என்று நிர்வாகக் குழு இன்றே முடிவு செய்து, தேதி போட்டு, எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இன்ன மாதம் இன்ன கூட்டத்தில் இந்தக் கணக்கு வாசிக்கப்படும், அந்த வீட்டுக்காரர்களும் வந்து கேட்கலாம் என்று.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வர விருப்பமுள்ளவர்கள் பெயரும் தெருவும் எழுதுங்கள். பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.